குட்டி யானைக்கு நாடி பார்ப்போம்!

தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீறிட்டு அழுகிறது. கூடத்தில் இருக்கும் ஆண் பிள்ளைகள் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். அடுக்களையில் இருக்கும் தாயோ எட்டிக்கூடப் பார்க்காமல், "அது பசி அழுகை இல்லை, எறும்பு ஏதாவது கடிச்சிருக்கும், துணியை உதறிப் பாருங்கோ!" என்கிறாள். உதறிப் பார்த்தால் எறும்பு இருக்கிறது! வாய் பேசத் தெரியாத ஜீவனின் பாஷையைப் புரிந்துகொள்வதில் நம் வீட்டுப் பெண்களுக்கு நிகர் அவர்களேதான்.

இந்தச் சாமர்த்தியத்தை, வாசலில் நிற்கிற இன்னொரு வாயில்லா ஜீவனிடமும் கொஞ்சம் காட்டினால் என்ன? எந்த ஜீவன் என்று கேட்கிறீர்களா? அதுதான் குட்டி யானை!

2005-ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் 'ஏஸ்' என்ற பெயரில் ஒரு சின்னஞ் சிறு சரக்கு வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். வடக்கே அதற்கு 'சோட்டா ஹாத்தி' என்று செல்லப் பெயர். நம் பக்கத்தில் 'குட்டி யானை'. இரண்டே சிலிண்டர், 702 சி.சி. டீஸல் எஞ்சின், 16 குதிரை சக்தி. முக்கால் டன் பாரம். லாரி நுழைய முடியாத சந்துகளில் எல்லாம் இது நுழைந்தது. 2017-க்குள் 20 லட்சம் வண்டிகள் விற்றுவிட்டன என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பூ வியாபாரம், தண்ணீர் கேன், கல்யாணச் சமையல், பந்தல் சாமான் வாடகை, பழக்கடை என்று எத்தனையோ குடும்பங்கள் இந்த வண்டியை நம்பி அடுப்பு மூட்டுகின்றன. வண்டியை ஓட்டுகிறவர் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். வரவு செலவுக் கணக்கை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் நெற்றியைச் சுருக்குகிறவர் பெரும்பாலும் வீட்டு அம்மாள்தான். வண்டியே அவர் பேரில் இருப்பதும், அவரே ஓட்டுவதும் இப்போது உண்டு.

அப்படிப்பட்ட வண்டி ஒன்று 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோ மீட்டர். ஆகவே, அது முதுகில் மூட்டையோடு பூலோகத்தை ஐந்து தடவை பிரதட்சிணம் செய்துவிட்டது! மனுஷர்களானால் மூட்டு வலி வராதா? வண்டிக்கும் வரும். ஆனால் அது திடீரென்று படுத்துவிடுவது அபூர்வம். பல நாள் முன்னாலேயே முனகும், கசியும், புகையும். அதைக் கவனிக்காமல் விட்டால்தான் வம்பு. விடியற்காலை மூன்று மணிக்குக் கோயம்பேட்டில் மல்லிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வண்டி நடுவழியில் நின்றால், ரிப்பேர்ச் செலவோடு போகாது. விடிவதற்குள் கடைக்குப் போய்ச் சேர வேண்டிய பூ, வெயில் ஏறியதும் குப்பை. அன்றைய முதலே போய்விடும்.

வைத்தியரைக் கூப்பிடுவதற்கு முன் வீட்டில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதே மாதிரி வண்டிக்கும் வீட்டிலேயே நாடி பார்க்கலாம். பார்க்கும் விதத்தைச் சொல்கிறோம்.

தரையில் எழுதிய ஜாதகம்

ராத்திரி வண்டியை நிறுத்தியதும், பழைய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் விரித்துவிடுங்கள். முடிந்தால் நான்கு சக்கரங்களுக்கு உட்புறத்திலும், பின் அச்சுக்குக் கீழேயும் ஒவ்வொரு துண்டு. காலையில் வண்டியை நகர்த்தியபின் அந்த அட்டையைப் பாருங்கள். அதுதான் ஜாதகம்.

கறுப்பாகவோ பழுப்பாகவோ வழவழவென்று இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு அல்லது ஆரஞ்சு வர்ணத்தில் தண்ணீர் மாதிரி இருந்தால், எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட். பின் அச்சின் நடுவே கெட்டியாக, கந்தக நெடியோடு சொட்டியிருந்தால் கிரவுன் ஆயில். டீஸலை மூக்கே சொல்லிவிடும். சக்கரத்தின் உட்புறத்தில், நிறமே இல்லாமல் அல்லது இளம் மஞ்சளாக மெல்லிய பிசுக்கு இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த ஒரு கசிவுக்கு மட்டும் தவணையே கிடையாது. வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வாசலுக்கே வரவழைக்க வேண்டும்.

"வெறும் தண்ணீர்தானே சொட்டியிருக்கிறது" என்று சிலர் விட்டுவிடுவார்கள். ஏ.சி. வைத்த காரில் வெறும் தண்ணீர் சொட்டுவது இயற்கை. ஏ.சி. இல்லாத பழைய குட்டி யானையில் தண்ணீர் சொட்டினால், அது ரேடியேட்டரையோ ரப்பர் குழாயையோ விட்டு வேறு எங்கிருந்து வரும்?

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. கூலன்ட் தித்திப்பாக இருக்கும். ஆனால் கொடிய விஷம். குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை நக்கிவிடக் கூடும். சிந்தியிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மீதியுள்ள டப்பாவைப் பினாயில் புட்டியைப் போல எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.

ஆயில் ஸ்டிக் சொல்லும் கதை

ஆயில் பார்ப்பது குழம்பில் உப்புப் பார்ப்பதைவிடச் சுலபம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷமாவது ஆகியிருக்க வேண்டும். குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுவதும் செருகி எடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழே போனால் ஆபத்து. மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. 'கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே' என்கிற தாராளம் சாம்பாருக்குப் பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது.

டீஸல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துப் போகும். கரியைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. ஆகவே, "அடடா, கறுப்பாகிவிட்டதே!" என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய நிறம் வேறே. மோரும் காப்பியும் கலந்தாற்போல ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால், உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அநேகமாக ஹெட் காஸ்கட் போயிருக்கும். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். அதே போல, ஊற்றாமலே ஆயில் அளவு ஏறிக்கொண்டு வந்தால் சந்தோஷப்படாதீர்கள். டீஸலோ தண்ணீரோ உள்ளே கலந்து ஆயிலை நீர்க்கச் செய்துகொண்டிருக்கிறது.

குக்கரும் ரேடியேட்டரும் ஒரே ஜாதி

சமையலறையில் பிரஷர் குக்கர் இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், குக்கருக்குள் அழுத்தத்தினால் 120 டிகிரி வரையில் சூடேறுகிறது. ரேடியேட்டர் மூடியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. அதில் உள்ள ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருப்பதால், உள்ளே நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

வெயிட்டை எடுக்காமல் குக்கரைத் திறக்க உங்களில் யாராவது துணிவீர்களா? சூடான ரேடியேட்டர் மூடியைத் திறப்பதும் அதுவேதான். அழுத்தம் விட்ட மறு கணம் நீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். முள் சிவப்புக்குப் போனால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது பொறுங்கள். பிறகு, கனத்த துணியை மேலே போட்டு, மூடியைக் கொஞ்சமாகத் திருப்பி ஆவியைப் போகவிட்டு, அப்புறம் முழுவதும் திறக்கலாம். கொதிக்கிற எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. அடுப்பில் காய்ந்த மண் சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் இரும்புக்கும் ஆகும்.

இன்னொரு விஷயம். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அதே வெள்ளை உள்ளே மெல்லிய குழாய்களில் படிந்து வழியை அடைத்துவிடும். கூலன்டோடு கலக்க டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி. வழியில் வேறு கதியில்லாமல் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள்.

புகையின் மூன்று வர்ணங்கள்

வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று பின்பக்கத்தை ஒரு பார்வை பாருங்கள்.

மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, எஞ்சின் சூடானதும் நின்றுவிட்டால் பாதகமில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்து, தித்திப்பு வாசனையும் அடித்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்துகொண்டே வந்தால், கூலன்ட் எஞ்சினுக்குள் போய் எரிகிறது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. தேய்ந்த கிழ எஞ்சின்களின் பொதுவான வியாதி இது. லேசாக இருந்தால், வாரா வாரம் ஆயில் அளவு பார்த்து ஊற்றிக்கொண்டு இன்னும் பல மாதம் ஓட்டலாம். அதிகரித்துக்கொண்டே போனால் எஞ்சினை இறக்கும் நாள் நெருங்குகிறது என்று பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும்.

கறுப்புப் புகை என்றால், உள்ளே போகிற டீஸலுக்கு ஏற்ற காற்று இல்லை. 'நாஸில் போய்விட்டது, பம்பு போய்விட்டது' என்று பெரிய செலவுக்குப் போகும் முன்பு, ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். புழுதித் தெருக்களில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரமே அடைத்துவிடும். காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசவோ, துணி துவைப்பது போலக் கல்லில் அடிக்கவோ கூடாது. காகிதம் கிழிந்தால் புழுதி நேரே சிலிண்டருக்குப் போகும். ரொம்ப அழுக்கானால் மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

பாட்டரிக்கு ஆப்ப சோடா

காலையில் சாவியைத் திருப்பினால் "டிக்... டிக்..." என்ற சத்தத்தோடு சரி. உடனே, "பாட்டரி போச்சு, புதுசு வாங்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பாட்டரியின் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள். அந்தப் பூஞ்சணமே மின்சாரத்தைத் தடுத்துவிடும். ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் பொங்கி வந்துவிடும். கழற்றும்போது கழித்தல் குறி போட்ட கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பாட்டரியின் மூடித் துவாரங்களில் சோடாத் தண்ணீர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்ததும் முனைகளில் கொஞ்சம் வாஸலின் தடவிவிட்டால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் என்று ஒரு கருவி கிடைக்கிறது. காய்ச்சலுக்கு தெர்மாமீட்டர் எப்படியோ, வண்டிக்கு இது அப்படி. ராத்திரி முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு பலம், 12.2 என்றால் பாதி; 12-க்குக் கீழே என்றால் வெறும் வயிறு. பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால், குற்றவாளி ஆல்டர்னேட்டரோ தளர்ந்த பெல்ட்டோதான். புதுப் பாட்டரி வாங்கிப் போட்டாலும் சீக்கிரமே அதுவும் படுத்துவிடும்.

பாட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கக் கூடியது. ஆயுத பூஜை அன்று ஊதுவத்தியைக் கொண்டுபோய்ப் பாட்டரிப் பக்கத்தில் செருகி வைக்காதீர்கள். பூஜையை முன் கண்ணாடியோடு நிறுத்திக்கொண்டால் யானை கோபித்துக்கொள்ளாது.

சத்தமும் சாரீரமும்

சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பகுதி கஷ்டமே இல்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்'சென்று கத்தி, சற்று நேரத்தில் அடங்கினால், பெல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது காய்ந்து வெடித்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, அடியில் 'டக்' என்று ஒரு முட்டு விழுந்தால், பின் அச்சுக்குப் போகிற தண்டில் உள்ள கிராஸ் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். வேகம் கூடக் கூட 'ங்ஙொய்' என்று வண்டு ரீங்காரம் கூடிக்கொண்டே போய், வளைவில் திரும்பும்போது அந்தச் சுருதி மாறினால், சக்கர பேரிங். பிரேக்கை அழுத்தினால் மட்டும் இரும்போடு இரும்பு உராயும் கரகரப்பு கேட்டால், பிரேக் கட்டை தேய்ந்து தீர்ந்துவிட்டது. அன்றைக்கே வேலைக்கு விட வேண்டும்.

மேட்டில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மாட்டேன் என்கிறதா? கிளச் வழுக்குகிறது. கருகிய நாற்றமும் வரலாம்.

பிரேக்குக்கு ஒரு சோதனை. எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற நிலையில், பிரேக் மிதியை ஒரே அழுத்தாக அழுத்திக்கொண்டு மனதுக்குள் முப்பது எண்ணுங்கள். மிதி கல் மாதிரி நிற்க வேண்டும். மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால், எங்கேயோ கசிகிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. இறங்காமல் பஞ்சு மெத்தையாக அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இரண்டும் ரிப்பேர் ஆகாமல் வண்டி தெருவுக்குப் போகக் கூடாது. முக்கால் டன் பாரத்தோடு இறக்கத்தில் வரும் வண்டியில், நம் வீட்டுப் பிள்ளை மட்டுமா இருக்கிறான்? எதிரே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

டயரையும் மறக்க வேண்டாம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் சக்கரம் நேராக இல்லை. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் டயருக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. 'புத்தம் புதுசு' என்று கடைக்காரர் சொல்வதை இனிமேல் ஜாதகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்!

வைத்தியரிடம் எப்படிப் பேசுவது?

பட்டறையில் நடக்கும் இரண்டு சம்பாஷணைகளைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாவது:

"என்னம்மா, வண்டிக்கு என்ன?"

"என்னமோ தெரியலைங்க. முன்னே மாதிரி இழுக்கலை. ஒரு மாதிரியா புகையுது."

"இறக்கிப் பார்த்தாத்தாம்மா தெரியும். நாலு நாள் ஆகும்."

இரண்டாவது:

"என்னம்மா, வண்டிக்கு என்ன?"

"அண்ணே, பத்து நாளா லிட்டருக்கு ரெண்டு கிலோ மீட்டர் குறைஞ்சு போச்சு. பாரத்தோட மேடு ஏறினா கறுப்புப் புகை. வெறும் வண்டியிலே இல்லை. ஏர் ஃபில்டர் நேத்திக்குத்தான் புதுசு போட்டோம். அப்பவும் நிக்கலை. ஆயிலும் தண்ணியும் குறையலை."

"அப்படியா? அப்போ நாஸிலைக் கழட்டிச் சோதிச்சுடலாம். சாயங்காலம் வாங்கம்மா."

வித்தியாசம் என்ன? வியாதியின் பெயரை இரண்டாவது அம்மாள் சொல்லவில்லை. எப்போது, எந்த நிலையில், எத்தனை நாளாக, வேறு என்ன பார்த்தாகிவிட்டது என்ற நாலு விஷயம் சொன்னார். அவ்வளவுதான். எதிராளி நல்ல மெக்கானிக்கானால் அவருக்கு வேலை சுலபமாகிறது. அப்படிப்பட்டவராக இல்லாவிட்டால் இந்த அம்மாளிடம் கதை அளக்க யோசிப்பார். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற வழக்கமும் நல்லது.

2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டரே கோளாறுக்கு ஓர் எண் கொடுத்துவிடும். அந்த எண்ணைப் படிக்கிற சிறு கருவியைக் கைபேசியோடு இணைத்து வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் அந்த எண் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வது போலத்தான். மலேரியாவா, ஜலதோஷமா என்று மனுஷர்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருவி ஒரு பாகத்தின் பேரைச் சொல்லிவிட்டது என்பதற்காக உடனே அதை வாங்கி மாட்டிவிடக் கூடாது. அதற்குப் போகிற கம்பி அறுந்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

பால் கணக்கு, சலவைக் கணக்கு வைத்திருக்கிற வீட்டில் வண்டிக் கணக்குக்கு ஒரு நோட்டு ஏன் இருக்கக் கூடாது? டாங்கை நிரப்பும்போது கிலோ மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை தூரம் ஓடியது என்று எழுதி வகுத்துப் பாருங்கள். 24 லிட்டரில் 432 கிலோ மீட்டர் என்றால் லிட்டருக்கு 18. அதே 24 லிட்டரில் 384 தான் ஓடியது என்றால் 16. மாதம் 1,500 கிலோ மீட்டர் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டு கிலோ மீட்டர் குறைவு, மாதத்துக்குச் சுமார் 10 லிட்டர் டீஸல் நஷ்டம். ஒரு சல்லடைக் காகிதம் அடைத்ததற்கு இவ்வளவு தண்டம்!

அதே நோட்டில் ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் அடித்த தேதி, டீஸல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடித்த தேதி எல்லாம் ஏறட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுள்ளது; இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும் அல்லவா? அந்தத் தேதியையும், இன்ஷூரன்ஸ் தேதியையும் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். டாங்கைக் காலியாகும்வரை ஓட்டக் கூடாது என்று பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். டீஸல் குழாயில் காற்று பிடித்துக்கொண்டால், மறுபடி டீஸல் ஊற்றியும் வண்டி லேசில் கிளம்பாது.

தொடக் கூடாத இடங்கள்

எஞ்சின் ஓடும்போது அதன் அருகே குனிவதானால், முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். சில வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சினை நிறுத்திய பிறகும் தானாகச் சுழலும். பாட்டரியில் கை வைப்பதற்கு முன் வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாம் பத்திரமாக உள்ளே போகட்டும். இரண்டு முனைகளுக்கும் நடுவே தங்க வளையல் பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. கணவரானாலும் சரி, பிள்ளையானாலும் சரி. இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகே அடியில் தலை போக வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் பிடித்துப் பட்டறையில் சேர்த்துவிடுங்கள். பிரேக்கைப் பிரிப்பது, எஞ்சினைப் பிரிப்பது இரண்டும் கை தேர்ந்தவர் வேலை. வீட்டில் நாடி பார்க்கலாம். ஆபரேஷன் செய்யக் கூடாது!

வைத்துக்கொள்வதா, விற்பதா?

கடைசியில் எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி இது. "கிழ வண்டிக்கு எத்தனைதான் கொட்டி அழுவது? புதுசு எடுத்துவிடலாமே" என்பார் ஒருவர். "ஓடுகிறவரை ஓடட்டும்" என்பார் இன்னொருவர். சண்டை போட வேண்டாம், நோட்டைப் புரட்டுங்கள். போன 12 மாத ரிப்பேர்ச் செலவு எவ்வளவு, வண்டி நின்ற நாட்களில் போன வருமானம் எவ்வளவு, இரண்டையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். புது வண்டியின் மாதத் தவணையோடு ஒப்பிடுங்கள். அநேகமாகக் கிழ வண்டிதான் ஜெயிக்கும். பாட்டரி, பெல்ட், கிளச், பிரேக், ஏன் எஞ்சின்கூட மாற்றக் கூடிய சாமான்கள்தான்.

மாற்ற முடியாதது ஒன்று உண்டு. அதுதான் வண்டியின் முதுகெலும்பான சேஸிஸ். அடியில் டார்ச் அடித்து, துருப் பிடித்த இடங்களை ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். மேலே பொடி உதிர்ந்து, உள்ளே கெட்டியாக இருந்தால், சுரண்டிப் பெயின்ட் அடித்துக் காப்பாற்றலாம். நுனி உள்ளே இறங்கினாலோ, ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் கண்டாலோ, அந்த யானைக்கு ஓய்வு கொடுக்கும் காலம் வந்துவிட்டது. அதன்மேல் பாரம் ஏற்றிப் பிள்ளையை அனுப்புவது சிக்கனம் ஆகாது.

அந்த நாள் வரையில் அது நமக்குச் சோறு போடுகிற ஜீவன். வருஷத்துக்கு ஒரு நாள் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம், ரொம்ப சரி. மற்ற 364 நாளில் வாரத்துக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். இன்றைக்கு ராத்திரியே ஆரம்பிக்கலாம். மளிகை வந்த அட்டைப் பெட்டி ஒன்று பரண் மேலே சும்மாத்தானே கிடக்கிறது?